கரையாத மாத்திரை

தொட்டித் தண்ணீரில் பாஸ்பேட் குறைந்தபோது நான் முதலில் சந்தேகப்பட்டது என் கண்ணைத்தான்.

கார்களுக்குப் பெயின்ட் கலந்து கொடுப்பது என் வேலை. நசுங்கிய கதவைக் கழற்றிக் கொண்டுவந்து சுவரோரம் சாய்த்து வைப்பார்கள். பத்து வருட வெயிலில் வெளுத்துப்போன சிவப்புக்கு, அதே வெளுப்போடு, அதே அலுப்போடு இன்னொரு சிவப்பைக் கலந்து தர வேண்டும். கணினி ஓர் அளவு சொல்லும். அதற்கு மேல் இரண்டு சொட்டுக் கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள் என்பதெல்லாம் கண் சொல்வதுதான். இருபத்திரண்டு வருடத்தில் என் கண் என்னைப் பெரிதாக ஏமாற்றியதில்லை. ஆகவே அன்று சோதனைக் குப்பியைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, அதில் நீலமே இல்லை என்று கண்டபோது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

கூடத்தில் இருக்கும் தொட்டி நான்கடி நீளம். கடல் தண்ணீர், உள்ளே பவளங்கள், ஐந்து மீன்கள். வீட்டில் பவளம் வளர்ப்பவனுக்குப் பாஸ்பேட் ஓயாத தலைவலி. மீனுக்குப் போடும் தீனியோடு அது தண்ணீருக்குள் வருகிறது. கொஞ்சம் இருந்தால்தான் பவளம் பிழைக்கும். கொஞ்சத்தைத் தாண்டினால் பச்சை மயிர்போலப் பாசி கிளம்பிக் கல்லையும் பவளத்தையும் சேர்த்து மூடிவிடும். பத்து மில்லி தண்ணீரில் ஒரு பொட்டலம் தூளைக் கொட்டிக் குலுக்கி மூன்று நிமிடம் வைத்தால், எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம் ஏறும். குப்பியைச் சிறிய கருவிக்குள் செருகினால் எண்ணாகவும் காட்டும். எண் 0.1-க்குக் கீழே இருக்க வேண்டும். எனக்கு ஒரு வருடமாக 0.4.

தப்பு என்னுடையதுதான். தொட்டியைக் கலைத்துவிட்ட ஒருவரிடம் பழைய கற்களை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியிருந்தேன். பல வருடம் அவர் வீட்டில் குடித்து வைத்திருந்ததை அவை என் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கின. தீனியைப் பாதியாக்கினேன். வாரம் இருமுறை தண்ணீர் மாற்றினேன். பல் தேய்க்கும் பிரஷை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாசி தேய்த்தேன்.

தொட்டியை ஒட்டிப் போட்ட நாற்காலியிலிருந்து அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். "கல்யாணமே பண்ணிக்காதவனுக்கு இப்படி ஒரு மாமியார் வீடு" என்பார் அண்ணியிடம். "எவ்வளவு பணிவிடை பாரு."

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். வாழ்நாளெல்லாம் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தவனை இப்படி ஒரே மாடியில் நிறுத்திவிட்டார்களே என்று அங்கிருக்கும் நர்ஸ்களிடம் சொல்லிச் சிரிக்க வைப்பாராம்.

அந்த இயந்திரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதில்லை. அது சரியாக எடுக்காதவற்றில் பாஸ்பேட்டும் ஒன்று. அது ரத்தத்தில் தங்கினால் எலும்பு பலமிழக்கும், உப்புத் தண்ணீர் ஓடிய குழாய்போல ரத்தக் குழாய்கள் உள்ளே கல்லாகும். அதற்காக வேளைக்கு ஒரு மாத்திரை. சட்டைப் பொத்தானைவிடப் பெரியது, வெள்ளையாக, சாக்பீஸ் போல் இருக்கும். சாப்பாட்டோடு மென்று தின்ன வேண்டும். உணவில் இருக்கும் பாஸ்பேட்டை வயிற்றிலேயே பிடித்துக்கொண்டு அது வெளியே போய்விடும். ஒருநாள் அட்டையின் பின்பக்கத்தைப் படித்தேன். லாந்தனம் என்று போட்டிருந்தது. பவளக் கடைக்காரர் என் தலையில் கட்டப் பார்த்த சொட்டு மருந்திலும் அதே உலோகம்தான். நான் அதை வாங்கவில்லை. தண்ணீரில் நுண்ணிய பொடியாகி மீனின் செவுளை அடைத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் இந்த ஒற்றுமையைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன்.

"அப்போ எனக்கும் உன் மீனுக்கும் ஒரே டாக்டர் போதும்" என்றார் அண்ணன். "ஒருத்தருக்குத்தான் ஃபீஸ்."

அதே மேசையில்தான், சில வாரம் கழித்து, என் சிறுநீரகம் அவருக்குப் பொருந்துகிறது என்ற கடிதத்தை அண்ணி பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தாள். அண்ணனும் எதையும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. "நான் குடுக்கறேன்" என்றேன். ஒரு மூச்சுக்கூட இடைவெளி விடவில்லை. விட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அதற்கடுத்த பரிசோதனைகளுக்குப் போனபோது ஸ்கேன் எடுத்தவர் என் இடது விலாவுக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டார். மூன்று நாள் சோப்புப் போட்டுத் தேய்த்த பிறகு கோடு போனது. ஆனால் அந்த இடத்தில் ஒரு குளிர்ச்சி தங்கிவிட்டது. வேலையில் பெயின்ட் டப்பாவைத் தூக்கும்போது அந்தப் பக்கம் படாமல் தூக்கினேன். எவனோ ஒருவன் ஏற்கெனவே அங்கே கையை வைத்துவிட்டது போல இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பது வயதை நெருங்கும் ஓர் ஆள், கூடப் பிறந்தவனுக்கு உயிர் கொடுக்கச் சரி என்று சொன்னவன், பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது.

அண்ணனைப் பார்க்கும் டாக்டரம்மா ஒரு நிபந்தனை வைத்தார். ரத்தத்தில் பாஸ்பேட் ஆறுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது ஐந்தரைக்குக் கீழே வந்து, மூன்று மாதம் அங்கேயே நிற்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொள்கிற நோயாளி என்று தெரிந்தால்தான் புதுச் சிறுநீரகத்தை நம்பிக் கொடுக்க முடியும், அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க மாத்திரைதான் என்றார். நின்றால் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள். எங்கள் மூவருடைய வாழ்க்கையும் அந்த ஐந்தரையில் வந்து நின்றது.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் என் குப்பியில் நீலம் காணாமல் போனது.

கண்ணைச் சந்தேகப்பட்ட பிறகு தூளைச் சந்தேகப்பட்டேன். தேதி சரியாக இருந்தது. தெரிந்த அளவு பாஸ்பேட் கலந்த தண்ணீரைக் கடைக்காரரிடம் வாங்கிவந்து சோதித்தேன். கருவி சரியாகக் காட்டியது. அதற்கு முன்பே 0.4 ஒரு வாரத்தில் 0.2 ஆகியிருந்தது, பிறகு 0.06, இப்போது பூஜ்யம். கற்கள் கக்குவதை நிறுத்திவிட்டன என்று என்னை நானே நம்ப வைத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் பவளக் கிளைகளின் நுனி வெளுத்தது. அடியில் சதை தோல் உரிவதுபோல உரிந்து வெறும் எலும்பு தெரிந்தது. பட்டினி. அத்தோடு, மஞ்சள் மீன் கல்லிடுக்கில் ஒதுங்கிக்கொண்டு வேகவேகமாக மூச்சுவிட்டது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. தீனியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொட்டியின் மூலையில் மூடி போட்ட ஒரு சின்னப் பெட்டி உண்டு. மேல்தண்ணீர் அதற்குள் வழிந்து, குழாய் வழியாகக் கீழே அலமாரிக்குள் இருக்கும் துணிப்பையில் விழும். பை அழுக்கை வடிகட்டும். அதை நான் நான்கு நாளைக்கு ஒருமுறை குழாயடியில் வீசித் துவைப்பது வழக்கம், உள்ளே பார்ப்பதில்லை. அன்று உள்பக்கத்தை வெளியே திருப்பினேன். மாவு போல வெள்ளைக் கசடு துணியெங்கும் ஒட்டியிருந்தது. அதன் நடுவே, ஓரத்தில் எண் பொறித்த ஒரு மாத்திரைத் துண்டு.

குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அடுக்களையிலிருந்து அண்ணி, தண்ணீர் வீணாகிறதே தம்பி என்று குரல் கொடுத்தாள். மூடினேன்.

சாப்பிட்டதும் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, தொட்டிப் பக்கத்து நாற்காலிக்கு வந்து மீன் பார்ப்பது அண்ணனின் வழக்கம். வாய் அசைந்துகொண்டிருக்கும். எதை மென்றாரோ. இவ்வளவு பெரிய வீட்டில் அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று முதலில் கோபம் வந்தது. குப்பைக் கூடையை அண்ணி பார்ப்பாள், கழிவறை அந்தக் கோடியில் இருக்கிறது, நடக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு தோன்றியது.

அந்த மாதம் ரத்தத்தில் ஆறு புள்ளி ஒன்பது வந்தது.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். அண்ணியிடம் இல்லாவிட்டாலும் அண்ணனிடமாவது. சொல்வதற்கான வாக்கியங்களை மனதுக்குள் கோத்தபடி வேலைக்குப் போனேன், வந்தேன். அந்த வாக்கியங்களுக்கு அடியில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை இப்போது எழுதும்போதும் எழுத்து கூசுகிறது. எண் இறங்காவிட்டால் நாள் குறிக்க மாட்டார்கள். விலாவின் குளிர்ச்சி அந்த நாட்களில் கொஞ்சம் விலகியிருந்தது.

நான் செய்தது இதுதான். பையைத் தினமும் துவைத்தேன். இன்னும் நெருக்கமாக நெய்த பை ஒன்றை வாங்கி மாட்டினேன், பொடி மீனிடம் போகாமல் இருக்க. மஞ்சள் மீன் அதற்குள் செத்துப்போனது. அதைக் காகிதத்தில் சுற்றும்போது, "வயசாயிடுச்சாடா அதுக்கு?" என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றேன். அவர் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது மாதத்தின் நடுவில் ஒரு பிற்பகல். அண்ணி கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் நாற்காலியில் முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தார். பாஸ்பேட் ஏறினால் உடம்பு அரிக்கும். இரண்டு கையிலும் நகக் கீறல்கள் சிவந்து நீண்டிருந்தன. நான் குப்பியைக் குலுக்கி வைத்துவிட்டு மூன்று நிமிடத்துக்காகக் காத்திருந்தேன்.

"இப்போ எவ்வளவு காட்டுது?" என்றார்.

"பூஜ்யம்தான்."

"நல்லதுதானே?"

"நல்லதில்லண்ணே. ரொம்ப இறங்கிடுச்சு." குப்பியைப் பார்த்தபடி, "ஒரு நாளைக்கு மூணு விழுது" என்றேன்.

அவர் சொறிவதை நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. இருவரும் ஒரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு நத்தை சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம் முடிந்து, அதற்கு மேலும் போயிருக்கும். நீலம் ஏறவில்லை.

"அன்னிக்கு நீ சரின்னு சொன்னப்போ" என்றார் கடைசியில், "உன் கை மேசை ஓரத்தைப் புடிச்சிட்டு இருந்துச்சு. நகமெல்லாம் வெள்ளையா. சின்ன வயசுல உன்னை லிஃப்ட் கூண்டு மேல ஏத்தி நிக்க வெச்சேனே, அப்பப் புடிச்ச மாதிரி."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. இல்லண்ணே, மாத்திரையைச் சாப்பிடுங்க, நான் குடுக்கறேன். அல்லது அதற்கு நேர் எதிரானது. இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று இன்று எனக்குப் புரிகிறது. என் வாயிலிருந்து வந்தது இது:

"பொடிச்சுப் போடாதீங்கண்ணே. மீனுக்கு மூச்சடைக்குது. முழுசாப் போடுங்க."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். நிதானமாக, ஏதோ மோட்டார் ரிப்பேரைப் பற்றிப் பேசுவதுபோல, "முழுசாப் போட்டா குழாய்ல டக்குனு சத்தம் வருது. உங்கண்ணிக்குப் பாம்புக் காது" என்றார்.

"அப்போ கீழ்க் கதவைத் திறந்து பையிலயே போட்டுடுங்க. நான் பூட்டாம வெக்கறேன்."

"சரிடா" என்றார் அண்ணன்.

அவ்வளவுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு கொலையைப் பேசி முடிக்க இத்தனை குறைந்த சொற்கள் போதும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அதற்குப் பிறகு தொட்டி தழைத்தது. மாத்திரைகள் முழுதாகப் பையில் கிடந்தன. முழு மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் சோதிப்பேன். எண் 0.1-ஐத் தொட்டால் இரண்டை விட்டுவைத்து ஒன்றை எடுப்பேன். 0.03-க்கு இறங்கினால் ஒன்றை மட்டும் விட்டு மற்ற இரண்டையும் எடுப்பேன். எடுத்தவற்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோய் வேலையிடத்தில் பெயின்ட் கழிவுப் பீப்பாயில் போட்டுவிடுவேன். ஒரு வருடம் உயிரை எடுத்த எண், 0.05-ல் ஆணி அடித்ததுபோல் நின்றது. உரிந்த கிளைகளின் மேல் புதுச் சதை படர்ந்தது. நுனிகளில் ஊதா நிறம் வந்தது. அந்த ஊதாவை என்னால் கலக்க முடியாது. பவளக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, கையில என்ன வித்தை வெச்சிருக்கீங்க என்று கேட்டார். அண்ணன் நாற்காலியில் இருந்தபடி, "அதெல்லாம் குடும்ப ரகசியம்" என்றார். கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அதுதான் என்னைப் பற்றி எனக்குத் தெரிந்த மிக மோசமான விஷயம்.

அண்ணிக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது மாதம் ஏழு புள்ளி ஆறு என்று வந்தபோது, கோளாறு தன் அடுக்களையில்தான் என்று அவள் முடிவு கட்டினாள். பால் நின்றது. பருப்பும் கொட்டை வகைகளும் நின்றன. காய்களைப் பொடியாக நறுக்கி ஊற வைத்து, வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேக வைத்தாள். தராசு ஒன்று வாங்கி ஒவ்வொன்றையும் நிறுத்தாள். சாப்பிடக் கூடாதவற்றின் பட்டியலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தாள். வாரா வாரம் அதன் அடியில் புதிதாக எதையாவது எழுதிச் சேர்த்தாள். அவருக்கு இல்லாதது எனக்கெதற்கு என்று தானும் அந்தச் சக்கையையே தின்றாள். வளையல் முழங்கைவரை ஏற ஆரம்பித்தது. நான் கலந்த நிறத்தை நானே சோதிப்பதுபோல, என் எதிரிலேயே அவள் தன்னைத் தானே சோதித்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அடுப்பருகில் நின்று, "தம்பி, தண்ணியில கண்ணுக்குத் தெரியாததெல்லாம் கண்டுபிடிக்கிறீங்க. இதுல எங்க தப்பு பண்றேன்னு பார்த்துச் சொல்லுங்களேன்" என்று கரண்டியை நீட்டினாள். நான் ருசி பார்த்தேன். சரியாத்தான் இருக்கண்ணி என்றேன்.

மூன்றாவது மாதம் எட்டு புள்ளி இரண்டு.

டாக்டரம்மா தாளை மேசையில் வைத்துவிட்டு எங்கள் மூவரையும் பார்த்தார். மருந்து வேலை செய்யவில்லை, அல்லது உணவில் கோளாறு, அல்லது மருந்து உள்ளே போகவே இல்லை, இந்த மூன்றில் ஒன்று என்றார். அண்ணி, வேளை தவறாமல் என் கையால் எடுத்துக் கொடுக்கிறேன் என்றாள். அண்ணன் சுவரிலிருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே சிறுநீரகம் குடுக்கறவர். கூடவே இருக்கீங்க. நீங்க சொல்லுங்க, மாத்திரை சாப்பிடறாரா?"

"சாப்பிடறார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். மாத்திரையை வேளைக்கு இரண்டாக்கினார். கழுத்திலிருக்கும் சுரப்பியை ஸ்கேன் செய்ய வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், இப்போதைக்கு ஆபரேஷன் பேச்சு வேண்டாம் என்றார்.

அண்ணி மருந்து வாங்க வரிசையில் போய் நின்றாள். நானும் அண்ணனும் நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எனக்குப் பசித்தது. பல வாரங்களுக்குப் பிறகு நல்ல, சுத்தமான பசி. என் உடம்பு என்னைக் கேட்காமலேயே சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது.

"உனக்குப் பொய் சொல்ல வராதுன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன்.

நான் மருந்து வரிசையில் நின்ற அண்ணியைப் பார்த்தேன்.

"டேய். ஒரே ஒரு தடவை கேக்கறேன். உனக்கு இஷ்டம்தானா? இஷ்டம்னு சொல்லு, இன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து மென்னு தின்னுடறேன். டாக்டரம்மா உள்ளதான் இருக்காங்க, எழுந்து போய் நானே சொல்லிடறேன். இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. எதையாவது சொல்லுடா."

நடைவழியைத் துடைக்கும் பெண் வாளியோடு எங்களிடம் வந்து, காலைத் தூக்கச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்கினோம். அவள் நாற்காலிகளுக்கு அடியில் துடைத்தாள், துணியை முக்கிப் பிழிந்தாள், இன்னொரு முறை துடைத்தாள், வாளியை நகர்த்திக்கொண்டு போனாள். தரை காய்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரங்கள் முதலில் காய்ந்தன. பிறகு நடுவில் ஒரு தீவுபோல ஈரம் மிஞ்சியது. பிறகு அதுவும் இல்லை. காலைக் கீழே வைத்தோம்.

"சரி விடு" என்றார் அண்ணன். என் முழங்காலில் இரண்டு தட்டு தட்டினார். என்மேல் கோபமில்லை என்பதற்காகவா, எழுந்துகொள்ளப் பிடிமானத்துக்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏழு வாரம் கழித்து, இயந்திரத்துக்குப் போகாத ஒரு நாள், சாப்பிட்டு எழுந்து நாற்காலிக்கு வந்தவர் அங்கேயே போய்விட்டார். இதயம் என்றார்கள். குழாய்களெல்லாம் இறுகிக் கிடந்தன, பாஸ்பேட் இப்படி இருந்தால் வேறென்ன ஆகும் என்றார் டாக்டரம்மா, எங்களைக் குற்றம் சொல்லாத குரலில். நான் வேலையிலிருந்து வந்து சேர்ந்தபோது அவரைக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். எல்லோரும் அந்த அறையில் இருந்தபோது நான் கூடத்துக்கு வந்து அலமாரிக் கதவைத் திறந்தேன். பையில் அன்றைய மாத்திரைகள் நான்கு, முழுசாக, நான் சொன்னபடியே கிடந்தன.

வந்துபோன உறவுக்காரர்களில் ஒருத்தி, அண்ணனுக்கு ஒன்றுவிட்ட அக்கா, போகிறபோது வாசலில் நின்று, வாயைக் கட்டியிருந்தா இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பான், வீட்ல இருக்கறவங்க இன்னும் கொஞ்சம் பார்த்துப் போட்டிருக்கலாம் என்று பொதுவாகச் சொன்னாள். அண்ணி அன்றே அடுக்களையைக் கலைக்க ஆரம்பித்தாள். பாத்திரங்களையெல்லாம் தரையில் இறக்கினாள். எந்த உலோகத்தில் சமைத்தோம், எந்தக் குழாய்த் தண்ணீரில் ஊற வைத்தோம் என்று ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தாள். நான்காம் நாள் நான் போனபோது, பட்டியலைக் கதவிலிருந்து கிழித்து மடியில் வைத்துக்கொண்டு பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள்.

"நான் எதை விட்டுட்டேன் தம்பி?"

"நீங்க எதையும் விடலண்ணி."

"அப்போ எப்படி ஏறுச்சு?"

வேறு யாராவது கேட்டிருந்தால் அப்போதும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவள் அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள். மிச்சமிருக்கும் வாழ்நாள் முழுவதும் அந்தப் பட்டியலையே படித்துக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பையில் கிடைத்த துண்டை, கண்ணாடி முன்னால் நாங்கள் பேசியதை, நான் எடுத்ததையும் விட்டுவைத்ததையும், நடைவழியை. எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அவள் கேட்டு முடிக்கும்வரை ஒரு பாத்திரத்தின் விளிம்பை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"முழுசாப் போடச் சொன்னீங்களா?"

"ஆமா."

"மீனுக்காகவா?"

"ஆமா."

அடுக்களைச் சன்னலில் வெளிச்சம் மாறியது. தெருவில் யாரோ ஒரு காரைக் கிளப்ப முயன்று, விட்டுவிட்டு, மறுபடி முயன்றார்கள்.

"பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள். "பயப்படறதுல என்ன இருக்கு. எனக்குப் பொருந்தியிருந்தா நானும் பயந்துட்டேதான் குடுத்திருப்பேன். வேண்டாம்னா வேண்டாம். மிஷினோடயே எத்தனையோ பேர் பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் இருக்காங்க. அவர் மாத்திரையாவது சாப்பிட்டிருப்பார்."

இவ்வளவு எளிதாக அது இருந்திருக்கிறது. பயமாக இருக்கிறது என்ற இரண்டு சொல். அந்த இரண்டு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் நான் சோதனைக் குப்பிகளையும் பைகளையும் எண்களையும் அத்தனை ஒழுங்காகப் பராமரித்திருக்கிறேன்.

அண்ணி எழுந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி வைத்தாள். நான் ஒன்றை எடுத்து நீட்டினேன். என் கையில் இருந்ததை விட்டுவிட்டு, தரையிலிருந்த வேறொன்றைக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

வேறு வீடு பார்க்கும்வரை இன்னும் ஒரு மாதம் அங்கே இருந்தேன். போகச் சொல்லி அவள் சொல்லவில்லை. வேளைக்குச் சமைத்தாள். மேசையில் வைத்துவிட்டு, சாப்பாடு இருக்கு என்று கதவு இருக்கும் பக்கமாகச் சொல்லிவிட்டுப் போவாள். தொலைபேசியில் யாராவது என்னைக் கேட்டால், இருக்காங்க என்று மட்டும் சொல்லி ரிசீவரை மேசைமேல் வைத்துவிடுவாள். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு நாளில் நாற்பது தடவை தம்பி என்று கூப்பிட்டவள், அந்த ஒரு மாதத்தில் என்னை எந்தப் பெயராலும் எந்த உறவாலும் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.